ஊசி தொட்ட இடமும் தொடாத இடமும்: கல்லீரல் புற்றில் அப்லேஷனோடு நோயெதிர்ப்பு செல்களைச் சேர்க்கும்போது

டோக்கியோ பல்கலைக்கழக மருத்துவமனை 2012-ல் தன் பத்தாண்டுக் கணக்கை வெளியிட்டது. கல்லீரல் புற்றுக்கு முதல் சிகிச்சையாக ஆர்எஃப்ஏ, அதாவது ரேடியோ அலை ஊசியால் கட்டியைச் சுட்டு அழிக்கும் அப்லேஷன் முறை, செய்துகொண்ட 1,170 பேரின் கணக்கு அது. சுட்ட இடத்திலேயே கட்டி மறுபடி வளர்ந்தது ஐந்தாண்டில் 3.2 சதவீதம். அந்த இடத்தை விட்டு விலகி வேறெங்கோ புதிதாகக் கட்டி வந்தது 74.8 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அப்லேஷனோடு எதையாவது சேர்த்தாக வேண்டும் என்று கல்லீரல் மருத்துவர்கள் ஏன் இத்தனை காலமாகத் தேடுகிறார்கள் என்பது புரியும். கைதேர்ந்தவர் பிடித்த ஊசி தன் வேலையை முடித்துவிடுகிறது. ஆனால் கல்லீரல் அப்படியேதான் இருக்கிறது: சிரோசிஸால் தழும்பேறி, ஹெபடைட்டிஸ் பி அல்லது சி வைரஸ் பல ஆண்டுகள் அரித்த அதே கல்லீரல்.

நோயாளியின் சொந்த நோயெதிர்ப்பு செல்களை வெளியே வளர்த்துத் திருப்பி ஏற்றும் செல் சிகிச்சை குறிவைப்பது அந்த 74.8-ஐ. 3.2-ஐ அல்ல. கூட்டு சிகிச்சையில் நடக்கும் தவறுகளில் பல இந்த ஒன்றை மறப்பதால் வருபவை. அரைகுறையாகச் சுட்ட கட்டியின் மிச்சத்தை அப்புறம் செல்கள் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தால் இரண்டு சிகிச்சையும் வீணாகும். அதனால் செல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன் சுடுவதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் முழுதாகச் சுட வேண்டும்

ஆர்எஃப்ஏ பொருந்துவது பெரும்பாலும் 3 செ.மீ.க்குள் இருக்கும் கட்டிகளுக்கு, மூன்று கட்டிகள் வரை. பிளேட்லெட் 50,000-க்கு மேல், ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐஎன்ஆர் 1.5-க்குள், கல்லீரலின் நிலையை ஏ முதல் சி வரை தரம் பிரிக்கும் சைல்ட்-பியூ கணக்கில் வகை ஏ அல்லது நல்ல பி. வயிற்றில் நீர் கோத்திருந்தால் அதை முதலில் வடிப்பார்கள். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரிந்தும் பலர் கணக்குப் போட்டுப் பார்க்காதது ஓரம்.

கட்டி 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் அரை செ.மீ. ஆரோக்கியமான ஈரலையும் சேர்த்துச் சுட வேண்டுமானால் வெந்த உருண்டை 4 செ.மீ. இருக்க வேண்டும். விட்டம் ஒரு செ.மீ.தானே கூடுகிறது என்று தோன்றும். கன அளவில் 14 மில்லி 33 மில்லி ஆகிறது. இரண்டு மடங்குக்கும் மேல். ஓரத்தை ஒரு செ.மீ. ஆக்கினால் 65 மில்லி. ஒரே ஊசியை ஒரே இடத்தில் ஒரு தடவை வைத்து இதை எட்ட முடியாத கட்டிகள் நிறைய. ஊசியை இடம் மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இரண்டு மூன்று முறை சுட வேண்டும். முதல் முறை சுட்டதும் ஆவிக்குமிழ்கள் கிளம்பி அல்ட்ராசவுண்டில் அந்தப் பகுதி முழுதும் வெளுத்துவிடும். கட்டியின் அடிப்பக்கம் கண்ணுக்கே தெரியாது. அதனால் ஆழமான பகுதியை முதலிலும் மேற்பகுதியைக் கடைசியிலும் சுடுவதுதான் வழக்கம். வரிசை மாறினால் விடுபடுவது எப்போதும் அடிப்பகுதியே.

திசு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உடனே உறைந்து செத்துவிடும். 50 டிகிரியில் நான்கைந்து நிமிடம் பிடிக்கும். 100-ஐத் தாண்டினால் ஊசியைச் சுற்றித் திசு கருகி, ஈரம் ஆவியாகி, மின்தடை எகிறும். கருகிய திசு மின்சாரத்தைக் கடத்தாது, சூடு வெளியே பரவாது. அவசரத்தில் முதல் நிமிடத்திலேயே உச்ச வாட்டை வைப்பவர்களுக்கு நேர்வது இதுதான்: ஊசியை ஒட்டிக் கரி, அதற்கு அப்பால் பச்சைக் கட்டி. உள்ளே குளிர்நீர் ஓடும் ஊசியில் 40 முதல் 60 வாட்டில் தொடங்கி நிமிடத்துக்கு நிமிடம் படிப்படியாக ஏற்றி, மின்தடை எகிறியதும் இறக்கி, ஏறக்குறைய 12 நிமிடம் ஓட்டுவார்கள். முடிந்ததும் குளிர்நீரை நிறுத்திவிட்டு ஊசிமுனை வெப்பத்தைப் பார்க்க வேண்டும். அது 60-க்கு மேல் நின்றால் நடுப்பகுதி வெந்தது என்று நம்பலாம். ஓரம் வெந்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஓரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ரத்தக்குழாய். 3 மி.மீ.க்கு மேல் தடிமனான குழாய் கட்டியை ஒட்டி ஓடினால், ஓடும் ரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். ஓடும் வாய்க்காலின் கரையில் அடுப்பு மூட்டியது போல, அந்தப் பக்கம் மட்டும் வேகாது. மைக்ரோவேவ் ஊசி இந்த இழப்பை ஓரளவு வெல்லும், ஏனென்றால் அது மின்னோட்டத்தை நம்பாமல் திசுவின் நீர் மூலக்கூறுகளை நேரடியாக அதிர வைத்துச் சூடாக்குகிறது. ஆனால் மைக்ரோவேவ் சுட்ட இடம் கூடுதலாகச் சுருங்கும். சுட்டபின் எடுத்த சிடியில் மட்டும் அளந்தால் கணக்குத் தவறும். முன்பு எடுத்த படத்தையும் பின்பு எடுத்ததையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, கட்டியின் பழைய எல்லை முழுதும் புதிய எல்லைக்குள் அடங்கியதா என்று பார்க்க வேண்டும்.

குடலோ இரைப்பையோ ஒட்டியிருந்தால் இடையில் திரவத்தைச் செலுத்திப் பிரிப்பார்கள். ஆர்எஃப்ஏவில் அதற்கு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்தான், சலைன் கூடாது. சலைனில் உப்பு அயனிகள் இருப்பதால் மின்சாரத்தைக் கடத்தி, காக்க வேண்டிய குடலையே சுட்டுவிடும். மின்னோட்டம் உடலை விட்டு வெளியேறத் தொடையில் ஒட்டும் பட்டைகளையும் அலட்சியமாக விடக்கூடாது: முடி மழித்து, தோல் உலர்ந்து, இரண்டு பட்டைகளும் ஊசியிலிருந்து சம தூரத்தில், நீண்ட பக்கம் கட்டியை நோக்கி இருக்க வேண்டும். ஒரு பட்டையின் மூலை கிளம்பியிருந்தால் மின்னோட்டம் முழுதும் மிச்ச இடத்தில் குவிந்து தொடையில் தீக்காயம். ஊசியை வெளியே எடுக்கும்போது வந்த வழியையும் சுட்டுக்கொண்டே இழுக்க வேண்டும். ரத்தம் கசிவதும், ஊசித்தடத்தில் புற்று செல்கள் ஒட்டி வளர்வதும் இதனால் குறையும்.

சூடு நோயெதிர்ப்பை எழுப்புகிறது, ஆனால் கொஞ்ச நாளுக்குத்தான்

வெந்த கட்டி உடலுக்குள்ளேயே கிடக்கிறது. அறுவை சிகிச்சையில் வெட்டி எடுப்பதற்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இது. சாகும் செல்களிலிருந்து ஹெச்எஸ்பி70, ஹெச்எம்ஜிபி1, ஏடிபி போன்ற ஆபத்துச் சமிக்ஞைகள் கசியும். கட்டியின் புரதங்கள் வெளிப்படும். நோயெதிர்ப்பின் தூதர்களான டென்ட்ரிடிக் செல்கள் அவற்றை விழுங்கி, நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய், தாக்கும் வெள்ளணுக்களான டி செல்களுக்குக் காட்டும். ஜப்பானின் கனசாவா குழு ஆர்எஃப்ஏவுக்குப் பின் நோயாளிகளின் ரத்தத்தில் கட்டிப் புரதங்களை அடையாளம் காணும் டி செல்கள் கூடுவதைக் காட்டியது. அதே குழு காட்டிய மற்றொன்றைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்: 24 வாரங்களுக்குள் அந்த எண்ணிக்கை மறுபடி இறங்கிவிடுகிறது. தானாக எழுந்த நோயெதிர்ப்பு மட்டும் போதுமென்றால் 74.8 சதவீதம் என்ற எண்ணே வந்திருக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அது ஆபத்தானது. வெந்த உருண்டைக்கும் நல்ல ஈரலுக்கும் நடுவே ஒரு வளையம் இருக்கிறது. அங்கே சூடு கொல்லும் அளவுக்கு ஏறாமல் காயப்படுத்தும் அளவோடு நின்றுவிடும். அந்த வளையத்தில் கட்டி செல்கள் மிஞ்சியிருந்தால், பிராணவாயுப் பஞ்சமும் அழற்சியும் அவற்றைத் தூண்டிவிடும். புதிய ரத்தக்குழாய்களை வரவழைக்கும் விஈஜிஎஃப் ஏறும்; நோயெதிர்ப்பை அடக்கும் மைலாய்டு செல்கள் வந்து குவியும். எலிகளில் அரைகுறையாகச் சுட்டுப் பார்த்த ஆய்வுகளில் மிச்சக் கட்டி முன்பைவிட வேகமாக வளர்ந்தது. டி செல்களின் பூட்டைத் திறந்துவிடும் பிடி-1 தடுப்பு மருந்தும் சரியாக வேலை செய்யவில்லை. சுட்டதில் குறை இருந்தால் செல்லை ஏற்றி ஈடுகட்ட முடியாது என்று முன்பு சொன்னதற்குக் காரணம் இதுதான். அந்தக் குறையை ஈடுகட்டுவது மறுபடி சுடுவது மட்டுமே.

ஒரு மாதப் படம்

அதனால் நான்காவது வாரம் எடுக்கும் மூன்று கட்ட கான்ட்ராஸ்ட் சிடி அல்லது எம்ஆர்ஐயைத்தான் (சாய மருந்து செலுத்தி, அது தமனியில் ஓடும்போதும் பிறகும் எடுக்கும் படங்கள்) செல் சிகிச்சைக்கான நுழைவாயிலாக வைக்க வேண்டும். வெந்த பகுதியைச் சுற்றி ஒரே சீரான, மெல்லிய வெளிச்ச வளையம் தெரிந்தால் அது பெரும்பாலும் காயத்தின் செம்மை. அடுத்த படங்களில் மங்கும். ஒரு பக்கம் மட்டும் தடித்து, முடிச்சு மாதிரி தமனிக் கட்டத்தில் ஒளிர்ந்து, பின்கட்டத்தில் மங்கினால் அது மிச்சக் கட்டி. உடனே மறுபடி சுட வேண்டும், செல் காத்திருக்கட்டும்.

கல்லீரல் புற்று ரத்தத்தில் கசியவிடும் ஏஎஃப்பி என்ற புரதம் முன்பு உயர்ந்திருந்தவர்களுக்கு இன்னொரு சாட்சியும் கையில் இருக்கிறது. ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 முதல் 7 நாள் ஆகும். 400 இருந்தது நான்கு வாரத்தில் 25-க்கும் கீழே வந்திருக்க வேண்டும். 150-ல் நின்றுவிட்டால், படம் சுத்தமாக இருந்தாலும் எங்கோ கட்டி இருக்கிறது என்று தேட வேண்டும்.

கொரியாவில் நடந்த மூன்றாம் கட்ட ஆய்விலும் கட்டி முழுதும் ஒழிந்ததை உறுதிசெய்த பிறகே ஆட்களைச் சேர்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வுதான் இந்தத் துறையில் இன்றுவரை கையில் பிடித்துக்கொள்ளக்கூடிய சான்று. அறுவை சிகிச்சையோ, ஆர்எஃப்ஏவோ, ஆல்கஹால் ஊசியோ செய்துகொண்ட 230 பேர். பாதிப்பேருக்குச் சிஐகே செல்கள் (வெளியே வளர்த்துத் தூண்டிய அவரவர் வெள்ளணுக்கள்), மற்றவர்களுக்குக் கூடுதல் சிகிச்சை ஏதுமில்லை. கட்டி திரும்பாமல் கழிந்த காலத்தின் இடைநிலை 44 மாதம், மற்ற குழுவில் 30 மாதம். பின்னர் வந்த நீண்டகாலத் தொடர்ச்சியில் ஐந்தாண்டில் நோய் திரும்பாதவர்கள் 44.8 சதவீதமும் 33.1 சதவீதமும். பக்கவிளைவு செல் குழுவில் கூடுதல், 62-க்கு 41 சதவீதம். ஆனால் கடுமையானவற்றில் பெரிய வேறுபாடில்லை.

இதை அளந்து படிக்க வேண்டும். யாருக்குச் செல் போகிறது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு. மூன்று விதமான முதல் சிகிச்சைகளும் கலந்தவை. ஜப்பானில் 2000-ல் வெளியான பழைய ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு மாதத்தில் ஐந்து முறை லிம்போசைட்டுகளை (டி செல் அடங்கிய வெள்ளணு வகை) ஏற்றிய 76 பேரில் நோய் திரும்பியது 59 சதவீதம், ஏற்றாத 74 பேரில் 77 சதவீதம். ஆயினும் மொத்த ஆயுளில் தெளிவான வேறுபாடு வரவில்லை. ஆக, திரும்புவதைத் தள்ளிப்போடுகிறது என்று சொல்லச் சான்று இருக்கிறது. ‘குணமாக்குகிறது’ என்று விற்பவரிடம் அந்தச் சான்று கிடையாது.

செல் தயாரிப்பில் எங்கே சறுக்கும்

சிஐகே என்பது நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த வெள்ளணுக்களை வெளியே வளர்த்து, வெறியூட்டி, திருப்பி அனுப்புவது. அவற்றில் முக்கியமான பங்கு சிடி3, சிடி56 என்ற மேற்பரப்புக் குறிகள் இரண்டும் கொண்ட செல்களுக்கு: டி செல்லின் உடலும், முன்னறிமுகம் இல்லாமலே கொல்லும் என்கே செல்லின் குணமும் உடையவை. கட்டி செல்லின் மேல் மைகா, மைக்பி போன்ற அழுத்தக் குறிகளை என்கேஜி2டி என்ற ஏற்பியால் அறிந்து, பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற கொல்லும் புரதங்களைப் பாய்ச்சிக் கொல்லும். முன்கூட்டியே ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காட்ட வேண்டியதில்லை. ஒரே கல்லீரலில் ஒன்றுபோல் ஒன்று இல்லாத கட்டிகள் முளைக்கும் நோய்க்கு அது வசதி.

கொரிய முறையில் ஒரு தயாரிப்புக்கு எடுப்பது சுமார் 120 மில்லி ரத்தம். ஒரு தடவை ஏற்றுவது சராசரியாக 640 கோடி செல். இப்போது சிரோசிஸ் நோயாளியின் கணக்கைப் பாருங்கள். மண்ணீரல் வீங்கி வெள்ளணுக்களை விழுங்கிக்கொண்டிருப்பதால் லிம்போசைட் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 600 என்று இருந்தால், 120 மில்லியில் மொத்தமே 7 கோடியே 20 லட்சம். பிரித்தெடுக்கும்போது ஏற்படும் இழப்பைக் கணக்கில் எடுக்காமலேயே 89 மடங்கு பெருக வேண்டும். 1,500 எண்ணிக்கை உள்ளவருக்கு 36 மடங்கு போதும். அதனால்தான் ஒருவருக்கு 14 நாளில் பை நிரம்புகிறது, இன்னொருவருக்கு 21 நாள் ஆகியும் குறைகிறது. ரத்தம் எடுப்பதற்கு முன்பே லிம்போசைட் எண்ணிக்கையைப் பார்த்து, குறைவாக இருந்தால் கூடுதல் நாளைத் திட்டத்தில் சேர்ப்பது, கடைசி நேரத்தில் ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்த குடும்பத்தைத் தவிக்கவிடாமல் காக்கும்.

ஹீமோகுளோபினையும் கூடவே பார்க்க வேண்டும். முழுச் சிகிச்சைக்கு ஏற்றும் 16 தடவையும் புதிதாக எடுத்தால் 1,920 மில்லி, ஏறத்தாழ இரண்டு லிட்டர். உணவுக்குழாய்ச் சிரைப் புடைப்பிலிருந்து ஏற்கெனவே கசிந்துகொண்டிருப்பவருக்கு இது சிறிய விஷயமல்ல.

ரத்தத்தை ஹெப்பாரின் போட்ட பையில், அறை வெப்பத்தில் கொண்டுபோக வேண்டும். நல்லது செய்வதாக நினைத்து ஐஸ் பெட்டியில் வைத்தால், அடர்த்தித் திரவத்தின் மேல் ஊற்றிச் சுழற்றும்போது கிரானுலோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் அடியில் இறங்காமல் லிம்போசைட் அடுக்கிலேயே தங்கிவிடும். அவை ஓரிரு நாளில் செத்து, சிதைந்து, வளர்ப்பையே கெடுக்கும். சுழற்றி முடிக்கும்போது சென்ட்ரிஃப்யூஜின் பிரேக்கைப் போடக்கூடாது. தானாக நிற்க விட வேண்டும். பிரேக் போட்டால் மெல்லிய வெள்ளை அடுக்கு கலங்கிப் பாதி செல் போய்விடும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதலில் செய்யும் தவறு இது.

பரவலாகப் பயன்படும் செய்முறை இது: செல்களைத் தூண்டும் புரதங்களில் முதல் நாள் இன்டர்ஃபெரான் காமா மில்லிக்கு 1,000 யூனிட், மறுநாள் சிடி3 எதிர்ப்பொருள் மில்லிக்கு 50 நானோகிராம், அதோடு இன்டர்லூகின்-2 சில நூறு யூனிட். இந்த வரிசையை மாற்றக்கூடாது. முதலில் காமா, அது மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களைத் தூண்டி, அவை டி செல்களுக்கு வேண்டிய துணைச் சமிக்ஞையைத் தரும். இரண்டையும் ஒரே நாளில் ஊற்றினால் செல் பெருகும், ஆனால் சிடி3–சிடி56 பங்கு குறையும். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புது ஊடகமும் (செல் வளரும் சத்துத் திரவம்) இன்டர்லூகின்-2-வும். செல் அடர்த்தி மில்லிக்கு 10 முதல் 20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சிவப்பாக இருக்கும் ஊடகம் மஞ்சளாக மாறினால் அமிலம் ஏறிவிட்டது என்று பொருள். வார இறுதியில் ஊடகம் மாற்றத் தவறிய பையைத் திங்கட்கிழமை பார்த்தால் அப்படித்தான் இருக்கும். 640 கோடியை மில்லிக்கு 20 லட்சத்தில் வளர்க்க 3.2 லிட்டர் ஊடகம் வேண்டும் என்பதை முன்னமே கணக்கிட்டு, பைகளும் இன்குபேட்டரில் இடமும் வைத்திருக்க வேண்டும்.

ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களின் ரத்தம்தான் இங்கே அதிகம் வரும். ஒருவருடைய செல் இன்னொருவருக்குப் போவது எந்த ஆய்வகத்திலும் மன்னிக்க முடியாத பிழை. இங்கே அது வைரஸையும் சேர்த்துக் கொடுக்கும் பிழை. தனி இன்குபேட்டர், ஒரு நேரத்தில் ஒருவருடைய பை மட்டும் மேசையில், ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு அடையாளங்களை இருவர் சரிபார்ப்பது. வெளியே அனுப்பும் முன் உயிருள்ள செல் விகிதம், கிருமி வளர்ப்பு, மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி, எண்டோடாக்சின் என்ற கிருமி நஞ்சு ஆகிய நான்கும் பார்க்கப்பட வேண்டும். கிருமி வளர்ப்பின் இறுதி முடிவு வர 14 நாள் ஆகும். புதுச் செல்லின் ஆயுளோ மணிக்கணக்கு. அதனால் இடைக்கட்ட மாதிரி முடிவையும், கிருமியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் தேடும் கிராம் சாயச் சோதனையையும் வைத்து அனுப்புவார்கள். பின்னால் வளர்ப்பில் ஏதாவது முளைத்தால் வார்டுக்கு அழைத்துச் சொல்ல வேண்டியவர் யார், எந்த எண்ணில் என்பது முன்பே எழுதியிருக்க வேண்டும்.

ஏற்றும் நாள்

16 தடவைகளின் அட்டவணை இப்படி: வாரத்துக்கு ஒன்றாக நான்கு, இரு வாரத்துக்கு ஒன்றாக நான்கு, நான்கு வாரத்துக்கு ஒன்றாக நான்கு, எட்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு. மொத்தம் 60 வாரம். முதலில் நெருக்கி, பிறகு இடைவெளி கூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது: ஏற்றிய செல் உடலில் நெடுங்காலம் தங்குவதில்லை, கட்டி திரும்பும் ஆபத்தோ முதல் இரண்டாண்டில் அதிகம்.

வார்டில் கவனிக்க வேண்டியது வடிகட்டி. வெள்ளணு நீக்கும் வடிகட்டி உள்ள ரத்தம் ஏற்றும் செட்டைப் பழக்க தோஷத்தில் மாட்டிவிட்டால், மூன்று வாரம் வளர்த்த செல் முழுதும் அந்த வடிகட்டியிலேயே நின்றுவிடும்; நோயாளிக்குப் போவது வெறும் திரவம். சாதாரண ரத்தம் ஏற்றும் செட் போதும். பையைக் கதிர்வீச்சு பாய்ச்ச அனுப்பவே கூடாது; ரத்த வங்கி வழியாக வரும் பைகளில் இந்த ஆபத்து உண்டு. ஏற்றும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பையை மெதுவாகப் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் செல் அடியில் படியும். சுமார் ஒரு மணி நேரத்தில் முடித்து, அதே குழாயைச் சலைனால் கழுவ வேண்டும்.

ஏற்றிய சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரலாம். பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் சிரோசிஸ் உள்ளவருக்கு நாளைக்கு 2 கிராமுக்குள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வேண்டாம்; சிறுநீரகம் தாங்காது. வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் போடும் பழக்கத்தை இந்த 60 வாரமும் விட்டுவிட வேண்டும். அப்லேஷன் நாளிலும் வேறு வழி இருந்தால் அதைத் தவிர்க்கலாம். ஸ்டீராய்டு ஏற்றிய செல்லையும் அடக்கும், அடுத்த தயாரிப்புக்கு எடுக்கும் ரத்தத்தையும் கெடுக்கும். ஆனால் தீவிர ஒவ்வாமை வந்து ரத்த அழுத்தம் விழுந்தால் தயங்கவே கூடாது: அட்ரினலின் முதலில், தேவைப்பட்டால் ஸ்டீராய்டும். உயிர்தான் முதலில்.

காய்ச்சல்களைப் பிரித்தறிவது இந்தக் கூட்டு சிகிச்சையில் தனிக்கலை. அப்லேஷனுக்குப் பிந்தைய காய்ச்சல் மூன்றாம் நாள் வாக்கில் உச்சம் தொட்டு ஒரு வாரத்தில் அடங்கும், பெரும்பாலும் 38.5 டிகிரியைத் தாண்டாது. செல் ஏற்றிய காய்ச்சல் அன்றே வந்து ஒரு நாளில் போய்விடும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் நடுக்கத்தோடு ஏறி, வலது விலா அடியில் வலியும் இருந்தால் வெந்த இடத்தில் சீழ் பிடித்திருக்கலாம். பித்தநாளத்தைக் குடலோடு இணைத்த அறுவை சிகிச்சை முன்பு நடந்தவர்களுக்கும், பித்தநாள வாயைக் கீறி விட்டவர்களுக்கும் இந்த ஆபத்து பல மடங்கு. குடல் கிருமி நேராக ஏறி வரும். இவர்களுக்கு முதல் வாரத்திலேயே செல் ஏற்றத் தொடங்கினால் சீழ்க் காய்ச்சலைச் ‘செல் காய்ச்சல்’ என்று நினைத்து நாளைக் கடத்திவிடுவோம். ஒரு மாதப் படம் வரும்வரை பொறுப்பதில் இதுவும் ஒரு நன்மை.

யாருக்கு வேண்டாம், யாரிடம் வேண்டாம்

ஈரல் மாற்று செய்துகொண்டவர்கள், தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்கள், சைல்ட்-பியூ சி, இன்னும் அடங்காத தொற்று: இவர்களுக்கு இந்தப் பாதை இல்லை. கல்லீரலுக்குள் ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் கட்டி ஏறியவர்களுக்கும் மேலே சொன்ன எண்கள் பொருந்தா. ஆய்வில் சேர்ந்தவர்கள் ஒன்றாம், இரண்டாம் நிலையினர்.

வைரஸை விட்டுவிட்டுச் செல்லுக்குச் செலவு செய்வதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர் வைரஸை அடக்கும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிரை ஒரு நாளும் விடாமல் சாப்பிடுவது, நோய் திரும்புவதைக் குறைக்கும் மலிவான, நிச்சயமான வழி. என்டெகாவிரை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் விட்டுச் சாப்பிட வேண்டும். காலை இட்லியோடு விழுங்கினால் உடலில் சேர்வது குறையும். ஹெபடைட்டிஸ் சி என்றால் இன்று மாத்திரையிலேயே வைரஸ் போய்விடும். சாராயம் நிற்க வேண்டும். இவை நடக்காத வீட்டில் செல் சிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கு நேரம் இன்னும் வரவில்லை.

மருந்தாகத் தரும் மாற்று வழிகளும் சுலபமாக ஜெயிக்கவில்லை. சோராஃபெனிப் என்ற புற்று மாத்திரையை அப்லேஷனுக்கும் அறுவைக்கும் பின் 1,114 பேரில் சோதித்த ஆய்வு 2015-ல் பலனில்லை என்று முடிந்தது. அடெசோலிசுமாப்–பெவாசிசுமாப் என்ற மருந்து இணை 2023-ல் நம்பிக்கை தந்தது. கூடுதல் காலம் பின்தொடர்ந்தபோது அந்த நன்மை நிலைக்கவில்லை. இந்தப் பின்னணியில்தான் செல் சிகிச்சையின் 14 மாத வேறுபாட்டை மதிக்கவும் வேண்டும், மிகைப்படுத்தாமல் இருக்கவும் வேண்டும்.

மிகைப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் 2016 சாட்சி. தேடுதளத்தில் மேலே வந்த விளம்பரத்தை நம்பி, வேறொரு வகைப் புற்றுக்கு இதே குடும்பத்துச் செல் சிகிச்சைக்குக் குடும்பச் சேமிப்பைக் கொட்டிய ஒரு கல்லூரி மாணவர் இறந்தார். நாடு கொதித்தது, மருத்துவமனைகள் காசு வாங்கிக்கொண்டு இந்தச் சிகிச்சையைச் செய்வதை அரசு நிறுத்தியது. ஜப்பானில் 2014 முதல் நடைமுறையில் உள்ள மீளுருவாக்க மருத்துவச் சட்டத்தின் கீழ், திட்டத்தைச் சமர்ப்பித்துவிட்டுத் தனியார் கிளினிக்குகள் செல் சிகிச்சை தர முடியும். அந்தப் பதிவு, செய்ய அனுமதி. பலன் நிரூபணமானதற்கு அத்தாட்சி அல்ல. இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற செல் சிகிச்சை ரத்தம், நிணநீர் சார்ந்த புற்றுகளுக்கானது. அதன் பெயரைச் சொல்லிக் கல்லீரலுக்கு எதையாவது விற்றால் விலகிப் போய்விடுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை சில. ஒரு தடவை எத்தனை கோடி செல், அதில் சிடி3–சிடி56 பங்கு எவ்வளவு, உயிருள்ளவை எத்தனை சதவீதம், இந்த மூன்றும் ஒவ்வொரு பைக்கும் காகிதத்தில் வருமா? பை தரப் பரிசோதனையில் தோற்றால் மறுபடி யார் செலவில் வளர்ப்பது? இது சிகிச்சையா ஆய்வா; ஆய்வு என்றால் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் என்ன, ஆய்வுக்கு ஏன் நோயாளி காசு கட்ட வேண்டும்? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் முந்தையவற்றுக்கு வரும் பதிலும் நம்பும்படி இருப்பதில்லை.

60 வாரம் முடிந்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் நிற்கக்கூடாது. புதுக் கட்டி தெரிந்தால் அறிக்கையில் அளவை மட்டும் எழுதி விடாமல், பழைய சுட்ட இடத்தின் ஓரத்திலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி வந்தது என்றும் எழுதச் சொல்லுங்கள். ஓரத்தை ஒட்டி வந்திருந்தால் குறை ஊசியில். பழைய படத்தை எடுத்து எந்தக் குழாய் அந்தப் பக்கம் ஓடியது என்று பார்த்து, மறுபடி சுடும்போது அந்தத் திசையில் ஊசியைக் கூடுதலாக நகர்த்த வேண்டும், அல்லது மைக்ரோவேவுக்கு மாற வேண்டும். வேறு பிரிவில், தனியாக, 3 செ.மீ.க்குள் வந்திருந்தால் அது புதுக் கட்டி; பெரும்பாலும் அதையும் சுடலாம். அப்படிச் சுடுவதற்கு முன்தினம் லிம்போசைட் எண்ணிக்கை, ஹீமோகுளோபின், ஏஎஃப்பி மூன்றையும் எடுத்து வைத்துவிட்டால், நான்கு வாரம் கழித்து ஒப்பிடக் கையில் எண் இருக்கும்.